குழாய்ச் சோதனை முதல் சுண்ணாம்பு நீர் வரை: ஒரு பவளத் தொட்டியின் பதிவு

கண்ணாடித் தொட்டி 90 செ.மீ. நீளம், அகலம், உயரம் இரண்டும் 45. கீழே அலமாரிக்குள் ஒரு சம்ப், அதாவது வடிகட்டலுக்கான கீழ்த்தொட்டி. பெருக்கிப் பார்த்தால் மேல்தொட்டி மட்டும் 182 லிட்டர் வரும். ஆனால் விளிம்பு வரை நிரப்புவதில்லை. பாறையும் மணலும் வேறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழித்து, சம்பில் இருப்பதைக் கூட்டினால் உண்மையில் சுற்றி ஓடும் தண்ணீர் 190 லிட்டர். முதல் தடவை நிரப்பும்போதே வாளிக் கணக்காக எண்ணி இதை எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்துவிட்டேன். பிற்பாடு எந்த மருந்தை, எந்த உப்பை ஊற்றுவதானாலும் கணக்கு இந்த 190-இல்தான் தொடங்கும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் 30 லிட்டர் குட்டித் தொட்டியில் கை வைக்கிறார்கள். என் அபிப்பிராயம், அது அனுபவசாலிகளுக்கானது. சிறிய தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானாலே உப்பின் அளவு ஏறிவிடும். ஒரு மீன் செத்து மூலையில் கிடந்தால் மொத்தத் தண்ணீரும் கெடும். 200 லிட்டர் பக்கம் போனால் யோசிப்பதற்கு அவகாசம் கிடைக்கும். எடையை மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: தண்ணீர், பாறை, கண்ணாடி, அலமாரி எல்லாம் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். அலமாரியை வைத்ததும் ரசமட்டத்தை நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தேன். நிரப்பிய பிறகு நகர்த்தும் பேச்சுக்கே இடமில்லை.

மின்சாரம் போனால் என்ன ஆகும்?

உப்பு கரைப்பதற்கு முன்பே, வெறும் தண்ணீரை ஓடவிட்டு இந்தக் கேள்விக்கு விடை பார்த்துவிட வேண்டும். மேல்தொட்டியின் தண்ணீர் ஒரு பல்வரிசைத் தடுப்பின் மேல் வழிந்து குழாய் வழியே சம்புக்கு இறங்குகிறது. ரிட்டர்ன் பம்பு அதைத் திரும்ப மேலே தள்ளுகிறது. பம்பு நின்றால் இரண்டு வழியிலும் தண்ணீர் கீழேதான் வரும். வழிந்து வருவது தடுப்பின் விளிம்போடு நின்றுவிடும். ரிட்டர்ன் குழாயில் வருவது அப்படியல்ல. குழாயின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவையும் உறிஞ்சி இறக்கிவிட்டுத்தான் ஓயும்.

என் தொட்டியின் பரப்பு 90 × 45, அதாவது 4,050 சதுர செ.மீ. மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 4 லிட்டர் கீழே போகிறது என்று அர்த்தம். மூன்று செ.மீ. இறங்கினால் 12 லிட்டர். சம்பில் அதற்கான வெற்றிடம் எப்போதும் இருக்க வேண்டும். பம்பை நிறுத்தி, எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, ஓடும்போது தாண்டக்கூடாத மட்டத்துக்குச் சம்பின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே வைத்தேன். அதற்கு மேல் 3 மி.மீ. துளை ஒன்றும் போட்டிருக்கிறேன். காற்று புகுந்து உறிஞ்சல் அறுபடுவதற்காக. அந்தத் துளையை மட்டும் நம்பக்கூடாது, பாசியோ நத்தையோ ஒருநாள் அடைத்துவிடும். ஒருவழி வால்வு போடலாமே என்பார்கள். சுண்ணாம்பு படிந்து, சரியாகத் தேவைப்படும் நாளில் அது மூடாது.

மின்வயர்கள் ஒவ்வொன்றும் பிளக்குக்குப் போவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டேன். வயர் வழியே ஓடிவரும் சொட்டு அந்த வளைவிலேயே கீழே விழுந்துவிடும். மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் உப்புத்தண்ணீரில் கை வைக்காதீர்கள். இதில் பேரமே கிடையாது.

தண்ணீர்

வெளிச்சத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் வடிகட்டியில் கஞ்சத்தனம் பார்ப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின், செம்பு, சிலிக்கேட், பாஸ்பேட் என எது எவ்வளவு இருக்கிறது என்பது நாளுக்கு நாள் மாறும். செம்பு சிறிதளவு இருந்தாலே இறாலும் நத்தையும் தாங்காது. ஆகவே ஆர்ஓ சவ்வு, அதற்குப் பின்னால் மிஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் டிஐ பிசின் குழாய், கடைசியில் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர். மீட்டர் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறத் தொடங்கினால் பிசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

உப்பு கரைப்பதில் ஒரே ஒரு வரிசைதான்: முதலில் தண்ணீர், அது பம்பில் சுழன்றுகொண்டிருக்கும்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் ஆரம்பத்தில் கரைசல் மிக அடர்த்தியாகி, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும். அது மீண்டும் கரையாது. லிட்டருக்கு 37, 38 கிராம் கலவை உப்பு பிடிக்கும். ஆனால் தராசை விட, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் சொல்வதையே கேட்கிறேன். இலக்கு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு). ஒப்படர்த்தியாகச் சொன்னால் 1.026.

அந்த ரிஃப்ராக்டோமீட்டரையே சோதிக்க வேண்டுமே! சுத்தமான தண்ணீரை வைத்து 0-க்குத் திருகிவிட்டால் போதும் என்று பெட்டியில் போட்டிருக்கும். பல கருவிகளின் அளவுகோல் வெறும் சோடியம் குளோரைடுக்கு வரைந்தது, கடல்நீருக்கு அல்ல. 0-இல் சரியாக நின்று, 35-இல் ஒன்றரை அளவு தள்ளிக் காட்டக்கூடும். 35 பிபிடி சோதனைக் கரைசலை வைத்துத்தான் திருக வேண்டும். நாம் வாழப்போவது அந்த இடத்தில்தான்.

அடுத்தது ஆவி. என் தொட்டியில் நாளுக்கு இரண்டரை லிட்டர் போகிறது. மின்விசிறி வைத்தால் இன்னும் கூடும், ஆனால் தண்ணீர் இரண்டு டிகிரி வரை குளிரும் என்பதால் வெயில் காலத்தில் அது எனக்கு லாபம்தான். தண்ணீர் போகும், உப்பு போகாது. 190 லிட்டரில் 10 லிட்டர் குறையவிட்டால் 35 என்பது 36.9 ஆகிவிடும். அதனால் ஈடுகட்டுவது எப்போதும் உப்பில்லாத சுத்தத் தண்ணீர். தினமும் குவளையால் ஊற்றலாம். நான் தானியங்கி நிரப்பியை வைத்தேன். அதன் உணரியைச் சம்பில் ரிட்டர்ன் பம்பு இருக்கும் அறையில் பொருத்த வேண்டும், மட்டம் குறைவது அங்கே மட்டும்தான் தெரியும். நிரப்பியின் வாளியை வேண்டுமென்றே 15 லிட்டரோடு நிறுத்தினேன். உணரி ஒட்டிக்கொண்டு அத்தனையும் உள்ளே போனால்கூட உப்பு 32.4-க்கு இறங்கும், பவளம் முகம் சுளிக்கும், செத்துப்போகாது. 50 லிட்டர் வாளி வைத்திருந்தால் கதை வேறு.

பாறை, மணல், காத்திருப்பு

கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறையையே வடிகட்டியாகப் பயன்படுத்தலாம் என்று இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961-இல் எழுதினார். இன்றைய பவளத் தொட்டி முழுவதும் அந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது. உயிர்ப்பாறையோடு இளஞ்சிவப்புப் பாசியும் புழுக்களும் கடற்பஞ்சும் இலவசமாக வரும். கூடவே அய்ப்டேசியா என்ற தொல்லை தரும் கடல் அனிமோனும் வரும். பெரும்பகுதி உலர்பாறை, பண்ணையில் வளர்ந்த உயிர்ப்பாறை ஓரிரு துண்டு என்று கலந்துகொண்டேன். உலர்பாறையில் தொல்லை குறைவு, ஆனால் உயிர் குடியேற மாதக்கணக்கில் ஆகும்.

பாறையை மணலின் மேல் அடுக்காதீர்கள். அடித்தளப் பாறைகளை நேரே கண்ணாடியில் உட்காரவைத்து, இணைப்புகளைக் கெட்டியான சயனோஅக்ரிலேட் பசையாலும் எபாக்ஸியாலும் பிடிக்கவைத்து, அப்புறம்தான் 3 செ.மீ. அரகோனைட் மணலைப் பரப்பினேன். மணலைத் தோண்டும் கோபி மீனும் பிஸ்டல் இறாலும் எந்தப் பாறைக்குக் கீழும் சுரங்கம் போட்டுவிடும். கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவே பாசி சுரண்டும் கருவி நுழையும் அளவு இடைவெளியும் வேண்டும்.

பிறகு பாக்டீரியாவை வளர்க்கும் கட்டம். பாட்டில் பாக்டீரியாவோடு அம்மோனியம் குளோரைடு கரைசலை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வருமளவு ஊற்றி, விளக்கைப் போடாமல், சூட்டை 27-இல் வைத்தேன். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் கூட்டம் முதலில் வரும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் கூட்டம் சாவகாசமாக வரும். ஊற்றிய 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் காணாமல்போய், நைட்ரைட்டும் இல்லை என்றால் தொட்டி தயார். நான்கிலிருந்து ஆறு வாரம் என்பது பொதுவான கணக்கு. இடையில் நைட்ரேட் சோதனை செய்து பதறவேண்டாம். பல சோதனைக் கிட்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகின்றன. தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் எண் எகிறிக் கிடக்கும்.

அசிங்கமான மாதங்கள்

விளக்கைப் போட்டதும் முதலில் மணல்மேல் பழுப்புத் தூள் படிந்தது. டயாட்டம். உலர்பாறையிலும் மணலிலும் இருந்து கசியும் சிலிக்கேட்டைத் தின்று வளர்வது. தீர்ந்ததும் தானாகப் போய்விடும், போயிற்று. அடுத்துப் பச்சை முடிப்பாசி. இதைக் கையால் பிடுங்கினேன், நத்தைகளும் வந்தன. ட்ரோக்கஸ் நத்தையைத்தான் சிபாரிசு செய்வேன்: கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். டர்போ அதைவிட அதிகம் மேயும், ஆனால் மணலில் மல்லாந்தால் பல நேரம் அப்படியே கிடந்து செத்துவிடும். ஹெர்மிட் நண்டு வைப்பதாக இருந்தால் காலிச் சங்குகளையும் போட்டுவைக்க வேண்டும். வீடு மாற்ற ஆசை வந்தால் அது நத்தையைக் கொன்று சங்கைப் பறிக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் பாசிக்கொல்லி மருந்து, பாஸ்பேட் உறிஞ்சி என்று ஆட்கள் வரிசையாகக் கொட்ட ஆரம்பிப்பார்கள். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் 0 என்று காட்டினால் பெருமையாகவும் இருக்கும். அந்த 0-வில்தான் டைனோஃபிளாஜெல்லேட் வருகிறது: பழுப்பு நிறக் கோழை இழைகள், நுனியில் குமிழி, இரவில் குறைந்து பகலில் திரும்பும். முடிப்பாசியைவிட நூறு மடங்கு தொல்லை. தின்னும் நத்தையே செத்துப்போகலாம். நான் நைட்ரேட்டை 5 பிபிஎம் பக்கமும் பாஸ்பேட்டை 0.05 பக்கமும் இருக்கவிட்டேன். பச்சை கொஞ்சம் தெரிந்தால் தெரியட்டும். சிவப்புப் பாய்போல் சயனோபாக்டீரியா படிந்த இடத்தில் மட்டும் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்து, நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் பம்பின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன்.

அய்ப்டேசியா ஒன்று பாறை இடுக்கில் தலைகாட்டியது. அதைப் பிய்க்கவோ நசுக்கவோ கூடாது, ஒவ்வொரு துணுக்கும் புதிதாக முளைக்கும். பெப்பர்மின்ட் இறால் விட்டேன். பார்வைக்கு அதைப்போலவே இருக்கும் கேமல் இறாலும் அதே பெயரில் விற்கப்படுவதுண்டு, அது பவளத்தையே கடிக்கும். முதுகில் கூன் தெரிந்தால் அது கேமல், வாங்காதீர்கள்.

மீனும் பவளமும்

மீன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோமாளி மீன் ஒரு ஜோடி; பெரியது ஒன்று, சிறியது ஒன்று. எல்லாக் கோமாளி மீனும் ஆணாகவே பிறக்கும், ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாக மாறிவிடும் என்பதால் அளவு வித்தியாசம் இருந்தால் சண்டை சீக்கிரம் அடங்கும். தனித் தொட்டியில் வைத்துக் கவனித்தபின்தான் உள்ளே விட்டேன். கிரிப்டோகாரியான் வெண்புள்ளி நோய் பவளத் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுத்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடுவதுதான் நம்பகமான வழி. செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றவே முடியாது.

வெளிச்சம்: மென்பவளத்துக்கு 50 முதல் 150 பார் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு) போதும். விளக்கை 35 சதவீதத்தில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றினேன், 8 மணி நேரம்.

முதல் பவளங்கள் காளான் பவளம், கென்யா மரம், பச்சை நட்சத்திரப் பாலிப், சோவா எனப்படும் பொத்தான் பாலிப் சில. பச்சை நட்சத்திரத்தைத் தனிக் கல்லில், மற்றவற்றிலிருந்து ஒதுக்கி வைத்தேன். பிரதான பாறையைத் தொட்டுவிட்டால் கம்பளம்போல் முழுவதையும் மூடிவிடும். எல்லாவற்றையும் உள்ளே விடுவதற்கு முன் பவளக் குளியல் கரைசலில் முக்கி எடுத்தேன். அடியில் உதிர்ந்து கிடந்த தட்டைப்புழுக்களைப் பார்த்தபின் அந்த வேலையை யாரும் தவிர்க்க மாட்டார்கள். சோவாவில் ஒரு எச்சரிக்கை: அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். சோவா ஒட்டிய பாறையைக் கொதிக்கவைப்பதோ வெந்நீரில் தேய்ப்பதோ கூடவே கூடாது. ஆவியைச் சுவாசித்த குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு.

காரத்தன்மை இறங்கத் தொடங்கியபோது

இதுவரை தண்ணீர் மாற்றுவதே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது. வாரத்துக்கு 10 சதவீதம். பின் கண்ணாடியில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றின. சுண்ணாம்புப் பாசி. அதே சமயம் காரத்தன்மை 8.5 டிகேஹெச்சில் (அதை அளக்கும் அலகு) நிற்காமல் இறங்க ஆரம்பித்தது. ஒரே கிட், ஒரே நேரம் என்று வைத்து அளந்ததில் நாளுக்கு 0.2 போகிறது என்று தெரிந்தது. தொட்டி சுண்ணாம்பு கட்டத் தொடங்கிவிட்டது.

கால்சியத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பவளமும் சுண்ணாம்புப் பாசியும் காரம், கால்சியம் இரண்டையும் ஒரு விகிதத்தில்தான் எடுக்கின்றன: 2.8 டிகேஹெச்சுக்கு 20 பிபிஎம் கால்சியம். 0.2 என்றால் கால்சியம் நாளுக்கு 1.4 பிபிஎம் மட்டுமே. கையிருப்பு 420. ஒரு வாரத்தில் 10 குறைந்திருக்கும், அது சோதனைத் துளியின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். காரத்தன்மையின் கையிருப்போ மிகச் சிறியது, எனவே இழப்பு அங்கேதான் முதலில் கண்ணில் படும். வாரத்துக்கு இரண்டு தடவை நான் விடாமல் அளப்பது அதை மட்டும்தான். 7.5-இலேயே இருந்தாலும் பரவாயில்லை, 9-இலேயே இருந்தாலும் பரவாயில்லை. 7.5-க்கும் 9-க்கும் இடையே ஏறி இறங்கினால்தான் திசு நுனியில் உரிகிறது.

ஈடுகட்டச் சுண்ணாம்பு நீரைத் தேர்ந்தெடுத்தேன். கால்சியம் ஹைட்ராக்சைடு கால்சியத்தையும் காரத்தையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கொடுக்கும், வேறு எதையும் மிச்சம் விடாது. லிட்டருக்கு 1.5 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 40 மில்லிஈக்விவலென்ட் காரம் கிடைக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிஈக்விவலென்ட் என்பது 2.8 டிகேஹெச். என் தேவை: 0.2-ஐ 2.8-ஆல் வகுத்து 190-ஆல் பெருக்கினால் 13.6. அதை 40-ஆல் வகுத்தால் நாளுக்கு 340 மி.லி. இவ்வளவுதான் கணக்கு, கதவில் ஒட்டிய 190 இங்கே உதவுகிறது.

கரைசலின் பிஹெச் 12.4 பக்கம் இருக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. கலக்கி, மூடிவைத்து, கசடு அடியில் தங்கியபின் மேல்தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றின் கரியமில வாயு பட்டு மேலே ஏடு கட்டி வீணாகும். இரவில் தொட்டியின் பிஹெச் இயல்பாகவே இறங்கும் என்பதால் சொட்டுக் குழாயை இரவு முழுவதும் மெதுவாக விடுகிறேன், பம்பு வேகமாகச் சுழலும் அறையில். காலையில் 8.5-ஐத் தாண்டினால் வேகம் அதிகம் என்று பொருள். மக்னீசியத்தை இது தராது; தண்ணீர் மாற்றும்போது வருவதே இப்போதைக்கு 1,300-இல் நிறுத்திவைக்கிறது.

டங்கன், சுத்தியல் பவளம் என்று கல்லெலும்பு உள்ளவை சேர்ந்தபின் தேவை 0.5 ஆகிவிட்டது, 850 மி.லி. ஆவியாகும் இரண்டரை லிட்டர் முழுவதையும் சுண்ணாம்பு நீராகவே ஊற்றினாலும் நாளுக்கு 1.5 டிகேஹெச்சுக்கு மேல் தர முடியாது. அக்ரோபோரா போன்ற கிளைவிடும் கல்பவளம் வளர்க்கத் தொடங்கினால் ஒருநாள் அந்த எல்லை இடிக்கும். அப்போது கால்சியத்தையும் காரத்தையும் தனித்தனியாகத் தரும் இரட்டைக் கரைசலும், அளந்து ஊற்றும் டோசிங் பம்பும் வாங்க வேண்டியிருக்கும், அதற்குச் சம்ப் பக்கத்தில் ஒரு தட்டு காலியாக விட்டிருக்கிறேன்.